ரஷ்யாக்காரரும் முலுண்ட் லோக்கலும்

போன வியாழக்கிழமை, ஓடும் மும்பை லோக்கல் ரயிலில் நான் கெமிஸ்ட்ரி வகுப்பு எடுத்தேன். சிரிக்காதீர்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டவன்தான் நான். தாராவியில் சொந்தமாக லெதர் பேக் பட்டறை போட்டு, முலுண்டில் ஃபிளாட் வாங்கியவனும் நான்தான். எனக்கு வராதது என்று ஒன்று உண்டா?

எங்கள் ரயில் கோஷ்டியில் சுந்தரம் சார் என்று ஒருவர். மாட்டுங்காவில் கெமிஸ்ட்ரி புரொபசர். ஜன்னலோர சீட் அவருடையது – ரயில்வே கொடுத்ததல்ல, நாங்கள் கொடுத்தது. ரெண்டு மாதம் முன்பு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். தேறிவிட்டார். ஆனால் அவர் வீட்டு மாமி விடவில்லை. "அந்தக் கும்பல்ல போய் நசுங்கணுமா? வேலையை விட்டுடுங்கோ" என்கிறாராம். சாரும் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் விடுவேனா? முந்தின ஸ்டேஷன் தானேயில் ஏறும் சாவந்த் எங்களுக்கு இடம் பிடித்து வைப்பார். முலுண்டில் ஏறியதும் ஜன்னல் சீட்டில் என் கர்ச்சீப்பை விரிப்பேன். தினமும். அந்த இடம் பறிபோனால் மனிதர் திரும்பவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். இதை அவரிடம் சொல்லவில்லை. நல்லது செய்துவிட்டுத் தம்பட்டம் அடிப்பது என் வழக்கமில்லை... இந்தப் பத்தியைத் தவிர.

வியாழனன்று பாண்டுப்பில் ஏறிய ஒரு இளைஞன், நம்ம தமிழ் ஆள்தான், கர்ச்சீப்பை எடுத்து அழகாக மடித்து என் கையில் கொடுத்தான்.

"அங்கிள், நானும் மூணு நாளா பாக்குறேன். யாருமே வரல. யாருக்கு வைக்கிறீங்க?"

"வருவாரு."

"எப்போ?"

"வரும்போது வருவாரு. நீ நில்லு."

"ட்ரெயின் என்ன, உங்க பாப் கா? அப்பன் வீட்டு சொத்தா?"

பெட்டியே சிரித்தது. துரோகி சாவந்த் கூட! எனக்கு ரத்தம் கொதித்தது. கை நீட்டுகிற வயசா இது? ஆகவே கெமிஸ்ட்ரியை நீட்டினேன்.

"தம்பி, தங்கம், இரும்பு, காத்து எல்லாத்தையும் ஒரு ரஷ்யாக்காரர் வரிசையா உக்கார வச்சாரே, தெரியுமால?"

"பீரியாடிக் டேபிளா?"

"அதேதான்!"

இத்தனை வருடம் சார் என் காதில் ஓதியதை எல்லாம் இறக்கினேன். ரஷ்யாக்காரர் – பெயர் என் வாயில் நுழையாது – தனிமங்களை எடை பார்த்து அடுக்கினார். குணம் ஒத்தவர்களை ஒன்றாகச் சேர்த்தார். ஓரிடத்தில் எடை முரண்டு பிடித்தது. போடா என்று கனமானவனை முன்னால் தூக்கி வைத்தார், குணம்தான் முக்கியம்! அணுவுக்குள் புரோட்டான் என்று ஒன்று இருப்பதும், அதன் எண்ணிக்கைதான் நிஜமான சீட் நம்பர் என்பதும் அப்போது எவனுக்கும் தெரியாது. ஆனாலும் அவர் போட்ட வரிசை நின்றது.

சில இடங்களுக்குப் பொருந்த ஆளே இல்லை. அடுத்தவனை நகர்த்தி அடைத்தாரா? இல்லையே. காலியாக விட்டார். 'வருவான்... இன்ன எடை, இன்ன குணம்' என்று சொல்லியும் வைத்தார். கொஞ்ச வருடத்தில் ஒருவன் வந்தான் – உள்ளங்கையில் வைத்தாலே உருகும் உலோகம். பிறகு இன்னும் இருவர்.

தாடியைத் தடவிக்கொண்டேன்.

அந்தப் பயல் கேட்டான் பாருங்கள்: "விட்ட எல்லா இடத்துக்கும் ஆள் வந்துச்சா, அங்கிள்?"

தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லையே! சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். அதே கேள்வி.

"எல்லாம் எங்க வந்தது, பாய்? ஹைட்ரஜனை விட லேசா சிலது இருக்குன்னார். கடைசி வரைக்கும் வரலை. அவரும் தப்புப் பண்ணியிருக்கார்."

"ஹோ கயா! முடிஞ்சது கதை!" என்று இளைஞன் ஜன்னலோரம் உட்கார்ந்தேவிட்டான்.

"அங்க என்ன சத்தம்?" என்றார் சார்.

"ஒண்ணுமில்ல. உங்க சீட்டுல ஒருத்தன் உக்காந்துட்டான்."

"என் சீட்டா?" என்று இழுத்தார். "இன்னுமா வச்சிண்டிருக்கேள்?"

"பின்ன? நீங்க வர்ற வரைக்கும் வப்பேன்."

பின்னால் மாமி, யார் போனில் என்று அதட்டுவது கேட்டது. "என் இடம் காலியாவே இருக்காம்டி!" என்றார் சார். பிறகு எங்களிடம், "இன்னைக்கு அவன் உக்காரட்டும், பாய். திங்கக்கிழமை எழுந்துக்கச் சொல்லும்."

திங்கட்கிழமை வந்தேவிட்டார். மாமி பிளாட்பாரம் வரை வந்து, என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். பாண்டுப்பில் ஏறிய நம் ஆள் சாரைப் பார்த்ததும் கும்பிட்டான்.

"உள்ளங்கையில உருகுறது நீங்கதானா சார்?"

"ஆத்துக்காரி கையில மட்டும்தான்ப்பா!"

ரஷ்யாக்காரர் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் இடம் விட்டது காகிதத்தில். காட்கோபரில் கும்பல் ஏறும்போது ஒரு சீட்டைக் காலியாக விட்டுக் காட்டியிருப்பாரா, அந்த மனுஷன்?