நடப்பதற்கு முன்பே அச்சான ஆண்டுவிழா

பதினொன்றாம் வகுப்பில் படிக்கிற ஒரு பெண்ணைத் தெருவே "நிருபரம்மா" என்று கூப்பிட்டால், அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆரம்பித்து வைத்தவர் அவளுடைய அப்பா. வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். வீட்டு முன்னறையில் எந்நேரமும் இரண்டு மூன்று மெஷின்கள் குடலை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதில் ஒன்றின் தலைமேல் பேப்பரை வைத்து, நின்றபடியே எழுதுவாள் இவள். "நிருபரம்மா, அந்த மெஷின் நாளைக்கு டெலிவரி. தயவுபண்ணி வேற ஆபீசுக்கு மாறிக்குங்க" என்பார் அப்பா. அது தங்கச்சி காதில் விழுந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும் அந்த வாயாடி அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவ்வளவுதான், பேர் ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் மாதம் ஒரு இதழ் வரும். எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் தலைமையாசிரியையின் படம், கடைசிப் பக்கத்தில் போட்டிகளில் ஜெயித்தவர்களின் படம். நடுவில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. அந்த நடுவில்தான் நிருபரம்மா மூன்று வருஷமாக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் "மரம் வளர்ப்போம்" என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். இவள் போன வருஷம் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று வெயிலில் எண்ணிக்கொண்டு வருவாள். அதை வாங்கிப் படித்த பொறுப்பாசிரியர் எண்ணிக்கையை மட்டும் அடித்துவிட்டு, "மரம் வளர்ப்போம்" என்று தலைப்புப் போட்டு அச்சுக்கு அனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை. இதழ் வெளிவந்த மறுநாள் தலைமையாசிரியை தன்னைக் கூப்பிடாமல் இருந்தால் போதும், அந்த மாதம் அவருக்கு நல்ல மாதம். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சின்ன ஆசை இருந்தால் அவரோடு எப்படித்தான் சண்டை போடுவது?

இந்த நிலைமையில்தான் கேட் விவகாரம் வந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு இரும்பு கேட் உண்டு. அதைத் தாண்டினால் ஒரு சந்து, சந்து முடிந்தால் வீடுகள். பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் நேர்வழி. ஆனால் அந்த கேட் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதனால் எல்லாப் பிள்ளைகளும் முன்வாசல் வழியாகப் போய், லாரிகள் ஓடும் பெரிய ரோட்டின் ஓரமாகவே சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒருநாள் சாயங்காலம் ஒரு லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி தங்கச்சியின் பையில் மாட்டி அவளை இழுத்துத் தள்ளியது. முழங்கையும் முட்டியும் சிராய்த்ததோடு போயிற்று. தங்கச்சி இரண்டு நாளில் மறந்துவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மாதான் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டே, "யார்தாண்டி அந்த கேட்டைப் பூட்டி வெச்சாங்க?" என்று கேட்டாள்.

நிருபரம்மாவிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மறுநாளே கிளம்பிவிட்டாள்.

தலைமையாசிரியை, "நான் வரும்போதே பூட்டித்தான் இருந்தது. ஆபீஸ்ல கேளு" என்றார். ஆபீஸ் கண்காணிப்பாளர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கமிட்டி முடிவு." கமிட்டித் தலைவர் வைத்திருப்பது பெயிண்ட் கடை. டப்பாவைக் குலுக்கும் மெஷினின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "போலீஸ் சொல்லித்தாம்மா பூட்டினோம்!" போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "உங்க கேட்டைப் பூட்டச் சொல்றது எங்களுக்கு என்ன வேலை? உங்க ஸ்கூல்லயே கேளும்மா" என்றார். வாட்ச்மேனைக் கேட்டால், "பூட்டியிருக்கு, பாத்துக்கறேன். அதான் என் டியூட்டி" என்றார். சாவி? சாவி ஆபீஸில் இருக்கிறது என்றார் வாட்ச்மேன். வாட்ச்மேனிடம் இருக்கிறது என்றார்கள் ஆபீஸில்.

ஆக, அந்த கேட்டைப் பூட்டச் சொன்னவர் யாருமே இல்லை. அது பாட்டுக்குப் பூட்டிக்கொண்டு நிற்கிறது. நிருபரம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். யார் யார் என்ன சொன்னார்கள் என்று அவரவர் வார்த்தையிலேயே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். அவள் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். அது அவளுக்கும் தெரியும்.

பொறுப்பாசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"பிரமாதமா எழுதியிருக்கே. அடுத்த இதழ்ல பாக்கலாம்."

அடுத்த இதழில் விளையாட்டு விழா. அதற்கடுத்ததில் பரீட்சை டிப்ஸ். அதற்கும் அடுத்ததில் தலைமையாசிரியைக்கு எங்கேயோ கிடைத்த கேடயம். ஒவ்வொரு மாதமும் இவள் போய் நிற்பாள், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். கடைசியில் ஒருநாள் பொறுமை போய், "சார், இதப் போடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டேவிட்டாள்.

"இதப் பாரும்மா. நம்ம இதழ்ல நல்ல செய்திதான் வரணும். கேட் பூட்டியிருக்குங்கறது நல்ல செய்தியா, நீயே சொல்லு?"

"தொறந்தா?"

"தொறந்தா தாராளமா போடலாம். யாரு வேணாம்னா?"

அவள் கட்டுரையை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தங்கச்சி அதே ரோட்டில்தான் பையை ஆட்டிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தாள். தினமும் அவள் வந்து சேருகிறவரை இவள் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

அப்போதுதான் ஆண்டுவிழா வந்தது. இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எங்காவது இருந்தால் நான் ஆச்சரியப்படுவேன். ஆண்டுவிழாச் சிறப்பிதழை விழா மேடையிலேயே விருந்தினர் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கிற இதழில் ஆண்டுவிழாச் செய்தியும் இருக்க வேண்டும். அதனால் விழா நடப்பதற்கு முந்தின வாரமே, விழா எப்படி இனிதே நடந்து முடிந்தது என்று எழுதி அச்சடித்துவிடுவார்கள். போன வருஷத்துச் செய்தியை எடுத்து விருந்தினர் பேரை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. படமும் போன வருஷத்துப் படம்தான். முகம் தெரியாதபடி ரொம்பத் தூரத்திலிருந்து எடுக்கச் சொல்லிப் போட்டோக்காரருக்கு உத்தரவு. ஒருமுறை மழை வந்து பாதியில் கலைந்த விழாவில்கூட, நனைந்துகொண்டே ஓடியவர்கள் தலைக்குமேல் பிடித்திருந்த இதழில் விழா இனிதே முடிந்திருந்தது. யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் நிருபரம்மாவைப் பைத்தியம் பிடிக்க வைத்தது.

இந்த வருஷம் அதை எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது.

"பாக்காத விழாவை நான் எப்படி சார் எழுதறது?"

"எல்லா வருஷமும் ஒரே விழாதானே?" என்றார் பொறுப்பாசிரியர், உண்மையிலேயே புரியாமல்.

வீட்டில் மெஷின் தலைமேல் பேப்பரை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற நீதிபதி வந்திருந்தார். வரவேற்புரை நிகழ்ந்தது. ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு 'பட்டது'க்கும் பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போலிருந்தது. ஆண்டறிக்கைக்கும் நன்றியுரைக்கும் நடுவே வந்ததும் கை நின்றது. பார்க்காத எதையும் எழுதுவதில்லை என்று மூன்று வருஷமாகப் பிடிவாதமாக இருந்தவள். எப்படியும் முழுக்கப் புளுகுதானே, இதில் இன்னொரு வரிக்கு என்ன கேடு என்று தோன்றியது. எழுதினாள்: 'அதைத் தொடர்ந்து, நீண்ட காலமாக மூடியிருந்த பின்புற கேட்டை நீதிபதி அவர்கள் மாணவர்களின் பலத்த கரகோஷத்துக்கிடையே திறந்து வைத்தார்.'

எழுதிவிட்டு ஒருமாதிரி அசிங்கமாக உணர்ந்தாள். ஆனால் அடிக்கவில்லை.

அச்சுக்கூடத்திலிருந்து வந்த பிரதியைப் பொறுப்பாசிரியர் நீதிபதியின் பட்டங்களுக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தலைமையாசிரியை தன் படத்தின் அளவைப் பார்த்தார். நடுவில் இருப்பதை எப்போதும்போல யாரும் படிக்கவில்லை.

விழா நாள். வரவேற்புரை என்றால் அப்படியொரு வரவேற்புரை. கமிட்டித் தலைவர் மைக்கை விடுவதாயில்லை. நீதிபதி பாவம் என்ன செய்வார்? கையில் கொடுத்த இதழைப் பிரித்தார். வாழ்நாள் முழுக்கக் காகிதம் படித்துப் பிழைத்த மனுஷர். முதல் வரியிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார். ஓரத்தில் இதழ்க் கட்டுகளோடு நின்றிருந்த நிருபரம்மா, அவர் விரல் ஓரிடத்தில் நின்றதைப் பார்த்தாள்.

நீதிபதி தலைமையாசிரியை பக்கம் சாய்ந்தார். "கேட் எப்போ மேடம்? நான் பேசறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எந்த கேட் சார்?"

"இதோ, போட்டிருக்கீங்களே."

தலைமையாசிரியை படித்தார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. இது நடக்கவே போவதில்லை என்று சொல்ல வேண்டுமானால், இந்த இதழில் இருப்பதெல்லாம் விழாவுக்கு முன்பே கட்டிவிட்ட கதை என்றும் சொல்லியாக வேண்டும். ஒரு நீதிபதியிடம்!

"பின்னாடி சார்" என்றார் மெல்லிய குரலில்.

அப்புறம் மேடைக்குப் பின்னால் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! சாவிக்காக ஆபீஸ்காரர் வாட்ச்மேனிடம் ஓட, வாட்ச்மேன் ஆபீஸுக்கு ஓட, இருவரும் பாதி வழியில் மோதிக்கொண்டார்கள். பொறுப்பாசிரியர் வியர்த்து வழிந்தபடி, "என் வேலைக்கே உலை வெச்சிட்டியேம்மா!" என்றார். இவள் கூட்டத்துக்குள் ஓடினாள். வேலை முடித்து நேராகக் கருவிப் பையோடு விழாவுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எழுதறதோட நிறுத்திக்குவீங்கன்னு பாத்தா, எனக்கும் வேலை வெச்சுட்டீங்களே நிருபரம்மா" என்றபடி அப்பா பூட்டை அறுத்தார். துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் விட்டு நாலு தட்டுத் தட்டினார்.

நீதிபதி வந்து தள்ளியதும் கேட் ஊரைக் கூட்டும் சத்தத்தோடு திறந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். "கை தட்டுங்க, கை தட்டுங்க! பேப்பர்ல போட்டிருக்கு!" என்று தலைமையாசிரியை அடிக்குரலில் அதட்டினார். கரகோஷமும் நடந்தேறியது.

பரிசளிப்பில் சிறந்த மாணவச் செய்தியாளர் கோப்பை நிருபரம்மாவுக்குத்தான். நீதிபதி அதைக் கொடுத்துவிட்டு மைக்கில் சொன்னார்: "நடந்ததையே தப்புத் தப்பா எழுதறவங்களைத்தான் நான் பாத்திருக்கேன். நடக்கறதுக்கு முன்னாடியே ஒரு பிழையில்லாம எழுதற செய்தியாளரை இன்னைக்குத்தான் பாக்கறேன்." எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷமாக வெயிலில் அலைந்து எழுதிய உண்மைக்கெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று எழுதிய ஒரே ஒரு பொய்க்குக் கோப்பை. கையில் அது நெருப்பாய்ச் சுட்டது.

அதோடு விட்டார்களா? மறுநாளிலிருந்து ஆசிரியர்கள் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட ஆரம்பித்தார்கள். நூலகர், "அடுத்த ஆண்டுவிழாவுக்கும் நீதானே எழுதறே? நூலகத்துக்கு ரெண்டு மின்விசிறி வழங்கினார்னு ஒரு வரி சேத்துக்கோயேன்" என்றார். விளையாட்டு ஆசிரியருக்கு மைதானத்துக்கு விளக்கு வேண்டும். வேதியியல் டீச்சருக்குக் குழாயில் தண்ணீர் வந்தால் போதும். நிருபரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அவள் பழைய கட்டுரையை எடுத்தாள். எல்லாரும் சொன்ன பதில்களை அப்படியே விட்டு, கடைசியில் கேட் எப்படித் திறந்தது என்பதை, தான் எழுதிய பொய்யோடு சேர்த்து, ஒளிக்காமல் எழுதினாள். பொறுப்பாசிரியரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"இப்ப கேட் தொறந்தாச்சு சார். நல்ல செய்தி. போடுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அதான் போன இதழ்லயே வந்துடுச்சேம்மா."

அன்று சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன்பே அவள் பின்புற கேட்டுக்குப் போனாள். கட்டுரையின் பக்கங்களை வரிசையாக, கண்ணுக்கு நேரான உயரத்தில், கேட் தூணில் ஒட்டினாள். ஒருத்தராவது நின்று படிக்காமலா போய்விடுவார்கள் என்று முதல் பக்கத்துக்கு எதிரே நின்றுகொண்டாள். மணி அடித்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, தள்ளிக்கொண்டு, சந்துக்குள் பாய்ந்தார்கள். ஒருத்தரும் தூண் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தின் நடுவில் தங்கச்சி, பையை ஆட்டிக்கொண்டு, தோழியோடு வாயடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா," என்றாள், நிற்காமலே, "வழியில நிக்காதே. தள்ளி நில்லு."

நிருபரம்மா தள்ளி நின்றாள்.