கை தெரியுமா?

என் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நிலைக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டே வளர்ந்தாள். அம்மாவும் நானும் அவளுமாக உண்டாக்கிக்கொண்ட சைகைகள்தாம் எங்கள் பாஷை. வெளியாள் ஒருவருக்கும் அது புரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கல்யாணமான பத்தாம் நாளே மாப்பிள்ளை அவளை மும்பைக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கே ஒரு புடவைக் கடையில் அவருக்கு வேலை. ஒன்றரை வருஷமாக ஊர்ப்பக்கம் வர முடியவில்லை. நான் போய்ப் பார்க்கலாமென்றால் தறியை விட்டு நகர வழியில்லை. ஞாயிறுதோறும் போன் செய்வேன். "நல்லா இருக்குறா மச்சான்" என்பார். அவ்வளவுதான். நான் நம்பவில்லை. அடித்துப் போட்டாலும் அவள் யாரிடம் சொல்லுவாள்? அம்மா அதையே நினைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்தது பிசைந்தபடி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் தெருக்கோடி மாடியிலிருந்த செல்போன் டவரில் ஏதோ மாற்ற ஆட்கள் வந்தார்கள். மூன்று நாளாகச் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனும் போகவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரே போய்க் கீழே நின்று கத்தினேன்.

"இருந்ததையும் கெடுத்துக்கினு மேல இன்னாய்யா பண்றீங்க?"

மாடிச்சுவரோரம் வயர் சுற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "பழசுல குரல்தான்ணே நல்லா போகும். இப்ப மாட்டுறது த்ரீஜி. பேசுறவங்க மூஞ்சியையே பார்த்துக்கினு பேசலாம்."

"மூஞ்சி கெடக்கட்டும்பா. கை தெரியுமா?"

அவர் முழித்தார். விஷயத்தைச் சொன்னேன். வேலையைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். எந்த சிம், முன்பக்கமும் கேமரா உள்ள எந்தப் போன் என்று ஒரு பழைய பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். மும்பைக்கு இந்த த்ரீஜி ஏற்கெனவே வந்துவிட்டதாம். திட்டப் போனவனுக்கு வழி காட்டி அனுப்பிய அந்த மனிதரை நன்றியோடு நினைக்காத நாளில்லை. பெயரைக்கூடக் கேட்காமல் வந்தது என் புத்தி.

அடுத்த மாதம் இரண்டு பக்கமும் போன் தயாரானது. நான் பிடித்துக்கொள்ள, அம்மா எதிரே உட்கார்ந்தாள். படம் விட்டுவிட்டு வந்தது. தங்கை அம்மாவைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளிக் காட்டினாள்: இளைத்துவிட்டாயே. அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையை ஓங்கினாள், இல்லாத மீசையை முறுக்கினாள்: அடிக்கிறானா அவன்?

தங்கை பதில் சொல்வதற்குள் திரையின் ஓரத்திலிருந்து ஓர் ஆண்பிள்ளைக் கை நீண்டது. அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் இன்னொரு கை. தங்கையைச் சுட்டியது, ஓங்கியது, தன் பக்கம் மடங்கியது: அடிப்பது இவள், வாங்குவது நான். அப்புறம் ராட்டை சுற்றுவதுபோல் ஒரு சுற்று. அதுதான் எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பெயர். ஐந்து விரலும் குவிந்தன: சாப்பிட்டீங்களா?

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாரம் தவறாமல் அவர் சொன்ன "நல்லா இருக்குறா" எல்லாம் அவளையே கேட்டுச் சொன்னதுதான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் தங்கைக்குத் தெரியாது. சைகையில் கேட்கலாமென்றால், எங்கள் பாஷையில் அதற்கு ஒன்றுமே இல்லை. நாங்கள் உண்டாக்கவே இல்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினேன்.