நூற்று எண்பத்தாறாம் பக்கத்து ஆள்

பயிற்சி மருத்துவர்கள் அவளைப் படக்கார அக்கா என்று கூப்பிடுவார்கள். மருத்துவமனையின் கதிரியக்கத் துறையில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, பேராசிரியர் எழுதும் பாடப்புத்தகத்துக்கு ஸ்கேன் படங்களைத் தயார் செய்வது அவள் வேலை. உடம்பைக் குறுக்கே சீவி எடுத்தது போன்ற படங்கள். நோயாளியின் பெயரை அழித்து, ஓரத்தை வெட்டி, கல்லீரலுக்கு ஓர் அம்பு, மண்ணீரலுக்கு ஓர் அம்பு போட வேண்டும்.

சேர்ந்த முதல் வாரத்தில் பேராசிரியர் ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். படுத்திருப்பவரின் காலடியில் நின்று பார்ப்பதுபோல் அச்சிடுவதுதான் வழக்கம். அதனால் உடம்பில் வலது பக்கம் இருக்கும் கல்லீரல், எல்லோருக்கும் பக்கத்தின் இடப்புறம் வரும். வலப்புறம் வந்தால் படம் திரும்பிக் கிடக்கிறது, நேராக்கிவிடு என்றார். முதல் பதிப்புக்கு நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். திரும்பிக் கிடந்தவை ஐந்தாறு இருக்கும். நேராக்கினாள்.

அவளுடைய தம்பிக்குப் பிறவியிலேயே எல்லாம் இடம் மாறியிருந்தது. இதயம் வலது பக்கம், கல்லீரல் இடது பக்கம். அதனால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். மனசாட்சி இருக்கா என்று யாராவது கேட்டால், "இருக்கு, அட்ரஸ்தான் மாறிடுச்சு" என்பான். அவனுடைய ஸ்கேனும் அந்தத் துறையில்தான் எடுக்கப்பட்டது. புத்தகத்தில் போடக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தான். புத்தகம் வந்ததும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட நூற்று எண்பத்தாறாம் பக்கத்தில் இருப்பது நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். படத்தில் எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவளும் கூர்ந்து பார்க்கவில்லை. படம் போடுகிறவள் அம்பையும் விளிம்பையும்தான் பார்ப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன் பதினோரு நாள் காய்ச்சலில் அவன் போய்விட்டான். அதன்பிறகு அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

இந்த வருஷம் இரண்டாம் பதிப்பு வேலை தொடங்கியது. திருத்தம் குறிப்பதற்காக நூலகப் பிரதியை வாங்கிவந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். நூற்று எண்பத்தாறில், 'உறுப்புகள் இடவலம் மாறியவர், ஆண், வயது 26' என்ற வரிக்குக் கீழே யாரோ ஒரு மாணவர் பென்சிலால் எழுதியிருந்தார்: இதில் என்ன மாறியிருக்கிறது?

அவள் படத்தைப் பார்த்தாள். கல்லீரல் பக்கத்தின் இடப்புறம் இருந்தது, ஊரில் எல்லோருடைய படத்திலும் இருப்பதுபோல. அவனுக்கு அது வலப்புறம் வந்திருக்க வேண்டும். இடது வலது காட்டும் பக்கக் குறி இருந்த ஓரத்தை வெட்டி, திருப்பி, அவனை வேறு யாரோவாக ஆக்கிப் புத்தகத்தில் படுக்கவைத்தது அவள் கைதான்.

அன்றிலிருந்து எந்தப் படத்தைத் திறந்தாலும் முதுகுக்குப் பின்னால் யாரோ புரண்டு படுப்பதுபோல் இருந்தது. லிப்ட்டின் பளபளப்பான கதவில் தன் உருவத்தைக் கண்டால் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டாள். கதவுக்குள் இருந்தவளுக்கு இதயம் அந்தப் பக்கம் அடித்தது.

பேராசிரியரிடம் போய் ஒப்புக்கொண்டாள். அவர் திட்டவில்லை. மூலப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். தேடினால், பழைய மெஷினோடு அந்தக் கோப்பும் போயிருந்தது. மிஞ்சியது அவள் வெட்டித் திருப்பிய படம் மட்டும்.

"உன் ஞாபகத்தை நம்பி நான் எப்படிம்மா அச்சுக்குக் குடுப்பேன்? வேற ஆளோட படம் போட்டுக்கலாம், இதை எடுத்துடு" என்றார். வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன.

எடுத்துவிட்டால் அவன் இருந்ததற்கு அந்தக் கட்டடத்தில் ஒரு தடயமும் இல்லை. பழைய பிரதிகளில் மட்டும் அந்தப் பொய் ஆள் படுத்திருப்பான். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தாள். கல்லீரலை ஒட்டி, கீழ் விலா எலும்பு ஒன்று முடிச்சுப்போட்டதுபோல் தடித்திருந்தது. ஏழு வயதில் அவன் விழுந்து உடைந்த எலும்பு. அவள் ஓட்டிய சைக்கிள்.

வீட்டில் அம்மா அவனுடைய அலமாரியை மூன்று வருஷமாகத் திறக்கவில்லை. சாவி எங்கே என்று கேட்டதும், அடுப்பைப் பார்த்தபடியே, என்ன வேணும் உனக்கு என்றாள். அந்தச் சின்ன வயசு எக்ஸ்ரே என்றாள் அவள். அம்மா போய்த் திறந்தாள். அவன் சட்டைகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை. அந்தப் பிலிமைப் பார்த்துத்தான் அவன் இதயம் இடம் மாறியிருப்பதே தெரியவந்தது. அன்றைக்கு டாக்டர் அதை மூன்று தடவை திருப்பித் திருப்பி மாட்டினார் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்த காலம் உண்டு.

மறுநாள் பிலிமைப் பேராசிரியரின் விளக்குப் பலகையில் மாட்டினாள். ஓரத்தில் பக்கக் குறி தெளிவாக இருந்தது. உடைந்தது இடது விலா. ஸ்கேனை எப்படித் திருப்பினாலும் கல்லீரலும் அந்த எலும்பும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். எலும்பு இடது என்றால் கல்லீரலும் இடது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நெடுநேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு, நீ திருப்பின ஸ்கேன், சரியான ஸ்கேன், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடு என்றார். பயிற்சியில் இருக்கிறவர்கள் இப்படித்தான் ஏமாறுவார்கள், தெரிந்துகொள்ளட்டும்.

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் போட்டாள்.

புத்தகம் வந்ததும் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் தடவினாள். எது அவன் என்று கேட்டாள். அவள் வலதுபக்கப் படத்தைத் தொட்டாள்.

"அப்போ இது யாரு?"

"யாரும் இல்லம்மா. நான் பண்ணினது."

அம்மா தலையை ஆட்டினாள். அலமாரியைத் திறந்து சட்டைகளை ஒதுக்கி, பிலிம் இருந்த உறைக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்தாள். பூட்டப்போனவள் நின்று, "அந்தப் பையனுக்கும் வயசு இருபத்தாறுதானா?" என்றாள்.