நம்பினேன் என்று சொல்லாத அம்மா

அந்தக் கிணற்றில் தண்ணீர் தளும்பி நின்றதை நானும் பார்த்தேன். ஊர்க் கிணறுகளெல்லாம் சேறாகக் கிடந்த சித்திரை மாதம். என் தாய்மாமன் கிணற்று மேட்டில் நின்று, "எந்தக் கோடையிலயும் வத்தாது தங்கச்சி" என்று அம்மாவிடம் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணிமைக்காமல் சொன்னார். அந்த முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

அப்பா போன பிறகு எங்களுக்குச் சோறு போட்டது கண்மாய்க்குக் கீழே இருந்த ஒரே நஞ்சை. அதை எடுத்துக்கொண்டு, குளத்தூர்ப் பக்கம் இருந்த இந்தக் கிணற்றுப் புஞ்சையை மாமா எங்கள் தலையில் கட்டினார். பத்திரம் பதிவான கையோடு, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கக் கமலை பூட்டினோம். கொஞ்ச நாளில் வெறும் பாறை தெரிந்தது. அதில் ஊற்றே கிடையாது. பக்கத்து ஊர் ஊருணியிலிருந்து பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் கொண்டுவந்து கொட்டச் சொன்னது மாமாதான் என்று, அதை ஏற்றிவந்த வண்டிக்காரர் பிறகு சொன்னார். குடிக்கிற தண்ணீரைக்கூட அந்த மனுஷன் விட்டுவைக்கவில்லை.

சமஸ்தானக் கோர்ட்டுக்கு அம்மாவை இழுத்துப் போனவன் நான்தான். வெறும் பொய் போதாது என்றார் எங்கள் வக்கீல். பொய்யென்று தெரிந்தே, நம்மை இணங்க வைக்கவே சொல்லியிருக்க வேண்டும். நாமும் அதை நம்பி இணங்கி நட்டப்பட்டிருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மோசடி நிற்காதாம். வண்டிக்காரர் கூண்டேறியதும் மாமாவின் கள்ளத்தனம் அம்பலமானது. நஞ்சை திரும்பிவிட்டதென்றே நினைத்தேன். அண்ணன் சொன்னதை நம்பித்தானே நிலத்தை மாற்றிக்கொண்டீர்கள் என்று வக்கீல் அம்மாவிடம் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

நாலு பேர் எதிரில் ஏமாந்தவளாக நிற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. "சின்னப்புள்ளையிலேருந்து அவரு பேச்ச நான் நம்புனதில்லைங்க. இந்தத் தண்ணியும் ஏதோ சூதுன்னு அப்பவே தோணுச்சு. பொறந்த வீட்டு அண்ணன் வெத்தலபாக்கோட வந்து கேக்கையில எப்படிங்க மாட்டேங்கிறது?"

வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. மாமா சொன்னது பொய் என்று தீர்ப்பிலேயே இருந்தது. அம்மா அதை நம்பவில்லை என்றும் இருந்தது. நஞ்சை மாமாவோடு போயிற்று.

பின்னாளில் நானும் சட்டம் படித்தேன். தீர்ப்பில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. நம்பாதவளையும் வாயடைக்க வைக்கிற அண்ணன்மாரைப் பற்றித்தான் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

தீர்ப்பன்று மாமா தன் கூட்டுவண்டியைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தி, வெயிலாயிருக்கிறது, ஏறு என்றார். அம்மா ஏறிக்கொண்டார். மாமாவை நான் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை. அதிலெல்லாம் எனக்குக் குழப்பமில்லை. வண்டிக்குள் நகர்ந்து எனக்கு இடம்விட்டு, "நீயும் ஏறுப்பா" என்று கூப்பிட்ட அம்மாவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.