மெட்ராஸ் காட்டப் போய்ப் பட்ட பாடு

ஊர் சுற்றிக் காட்டுகிறவன் வேலை என்னவென்றால், வெயில் சுடுவதற்கும் கடல் உப்புக் கரிப்பதற்கும் பஸ் பஞ்சர் ஆவதற்கும் சேர்த்து ஏச்சு வாங்குவது. சங்கரன்கோவிலில் எங்கள் முதலாளிக்கு ஒரு டூரிஸ்ட் பஸ் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், அறுப்பு முடிந்து ஜனங்கள் கையில் காசு புழங்குகிற மாதங்களில் மெட்ராசுக்கு டூர் போடுவார். கைடு, மேனேஜர், காணாமல் போனவர்களைத் தேடுகிறவன் எல்லாம் நான்தான். ஒரு கல்யாண கோஷ்டியையாவது வெளியூர் கூட்டிப்போய்த் திரும்பியவராக இருந்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

முன் சீட்டு

புளியங்குடிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற செல்லத்தாய் என்ற அம்மாள், டூர் போர்டு வைத்த அன்றே முதல் ஆளாக வந்து பணம் கட்டினாள். முதலில் கட்டியவருக்கு முதல் சீட்டு; அதுதான் எங்கள் வழக்கம். புறப்படுகிற அன்று சாயங்காலம், வயலும் தோப்புமாக வசதியாக இருக்கிற ஒரு அண்ணாச்சி குடும்பத்தோடு வந்து ஏறினார். முன்சீட்டில் செல்லத்தாயைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இவள என்னத்துக்குவே முன்னால வச்சிருக்கீரு? பின்னால போவச் சொல்லும்" என்றார், அவள் காதுபடவே. அவர் வயலில் களை எடுத்தவளாம். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு அவர் வருவதாம்! எல்லாரையும் போலப் பணம் கட்டி வந்தவளை பஸ்ஸுக்குள்ளும் வரப்பில் நிறுத்தப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்றேன். அனுசரித்துப் போகச் சொல்லி முதலாளி கீழே நின்று ஜாடை காட்டினார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அண்ணாச்சி நேராக அவளிடமே குனிந்து, "ஏட்டி, பின்னால உக்காந்தா மட்டும் மெட்ராசு வராதா?" என்று அதட்டினார். மெட்ராஸ் போய்ச் சேரும்வரை அண்ணாச்சி கடைசி வரிசையில் தூக்கித் தூக்கிப் போட வந்ததற்கு, செல்லத்தாய் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்ன பதில்தான் காரணம்: "வரும்லாய்யா? அப்ப நீங்க அங்கன போயி உக்காருங்க."

கடற்கரை

குருவிகுளம் பக்கத்துச் சம்சாரி ஒருவர். வானத்தைப் பார்த்து விதைக்கிற பூமி. அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. மகன் கட்டாயப்படுத்தி டூருக்கு அனுப்பியிருந்தான். மெரினாவில் எல்லாரும் ஆவென்று பார்த்துக்கொண்டிருக்க, இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்தார். காறித் துப்பினார். பிறகு மணலை உதைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கடலை நான்தான் உப்புப் போட்டுக் கெடுத்து வைத்தது மாதிரி ஒரு முறைப்பு. "அங்கன பருத்தி கருகிக் கெடக்கு. இங்கன கூட்டியாந்து இம்புட்டுத் தண்ணியக் காட்டுதீரே, ஒமக்கு மனசாட்சி இருக்காவே?"

லைட் ஹவுஸ்

இளையரசனேந்தலில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவருக்கு ஒரே ஒரு ஆசை: லைட் ஹவுஸ் உச்சியில் ஏறிக் கப்பல் பார்க்க வேண்டும். மதுரை தாண்டியதிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் டிரைவரோ பஸ்ஸைத் தள்ளுபடி போர்டு தொங்கிய ஒரு ஜவுளிக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். அரைமணி நேரம் என்றவன், வெயில் இறங்குகிறவரை பஸ்ஸை எடுக்கவில்லை. கடைக்காரர்கள் உபயத்தில் அவன் கக்கத்தில் ஒரு புது வேட்டிப் பொட்டலம் ஏறியிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லைட் ஹவுஸ் கதவைச் சாத்திவிட்டார்கள். பெரியவர் பூட்டிய கதவுக்கு முன்னால் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டிரைவரைத் தனியே இழுத்துப்போய் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னான்: "லைட் ஹவுஸ் எங்கயும் போயிராது அண்ணே, அடுத்த வருசமும் அங்கனயேதான் நிக்கும். தள்ளுபடி போயிரும்லா?"

போட்டோ

ரேஷன் கடையில் எடை போடுகிற சுப்பையாவும் அவர் சம்சாரம் ஆவுடையம்மாளும் ஒரு தடவை வந்தார்கள். கடற்கரையில் ஒரு போட்டோக்காரன் அட்டையில் செய்த படகில் அவர்களை நிற்கவைத்துப் படம் எடுத்தான். தபாலில் அனுப்புவதாக விலாசமும் தபால் செலவும் வாங்கிக்கொண்டான். படம் வரவே இல்லை. கொஞ்ச மாதத்தில் ஆவுடையம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். சுப்பையா பஸ் ஸ்டாண்டுக்கு என்னைத் தேடி வந்தார். "அவ மூஞ்சி அந்தப் படத்துல மட்டுந்தான் தம்பி இருக்கு" என்றார்.

அடுத்த டூரில் ஜனங்களை மணலில் இறக்கிவிட்டுவிட்டு அவனைத் தேடிப் பிடித்தேன். ஞாபகமில்லை என்றான். அவனுடைய தகரப் பெட்டியை மணலில் கவிழ்த்தேன். எத்தனை ஊர் முகங்கள்! எல்லாம் காசு வாங்கிக்கொண்டு அனுப்பாமல் போட்டவை. சட்டையைப் பிடித்துக் கேட்டால், "ஊருக்குப் போனவன் எவன்யா திரும்பி வந்து கேக்குறான்?" என்கிறான். அன்றைக்கு அவனை அடிக்காமல் விட்டதற்குக் காரணம், அந்தக் குவியலில் அட்டைப் படகில் சுப்பையாவும் ஆவுடையம்மாளும் நிற்கிற படம் கண்ணில் பட்டதுதான்.

ரேஷன் கடையில் சுப்பையா கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்; அவர் நிமிரவே இல்லை. படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "இவ சிரிச்சிருக்கா தம்பி. பக்கத்துல நின்னுக்கிட்டு நான் அந்தப் படம் புடிக்குற பொட்டியத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

இத்தனை வருசம் ஊருக்கெல்லாம் மெட்ராசைக் காட்டிய என்னிடம் அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், பஸ்ஸை எங்கே நிறுத்தலாம், கக்கூஸ் எங்கே இருக்கிறது என்ற இரண்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.