வேம்புலி வரைந்த கரை

வேம்புலிக்குக் கண் எரிந்தது. எரியாத நாள் எது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. பூந்தமல்லிக் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவனை, அறுபத்தாறாம் வருஷம் கஜபதி என்ற பழம்பொருள் வியாபாரி பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரே வேலைதான். பழவேற்காடு தொடங்கி நாகப்பட்டினம் வரைக்கும் கரையை வரைய வேண்டும். கடலில் பாய்மரக் கப்பல், வாயைப் பிளந்த மீன், மூலையில் திசை காட்டும் நட்சத்திரம். அப்புறம் டீத்தண்ணியில் தோய்த்து, சிம்னி விளக்குப் புகை காட்டி, ஓரத்தைக் கசக்கிவிட்டால் படத்துக்கு முந்நூறு வயது. கம்பெனி மேனேஜர்கள் வாங்கித் தலைக்கு மேல் மாட்டிக்கொள்வார்கள். இத்தனைக்கும் வேம்புலி கடலுக்குப் போனது மாசிமகத்துக்கு ஒரே ஒரு தரம். அன்றைக்கும் கூட்டத்தின் தலைகளைத்தான் பார்த்தான்.

ஒருமுறை ஓரத்தில் தன் பேரைப் பொடியாக எழுதிப் பார்த்தான். கஜபதி கண்ணில் பட்டுவிட்டது.

"இன்னா மாமே, முந்நூறு வருசத்துப் படத்துல ஒம் பேரு இன்னாத்துக்கு? சொரண்டு."

சுரண்டிய இடத்தில் ஒரு மீனை வரைந்தான். அன்றைக்குப் பிடித்த ஆசை அவனை விடவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில், ஒரே ஒரு படத்தில், தன் பேர் இருக்க வேண்டும். பாவம், வேறொன்றும் கேட்கவில்லை.

எழுபத்துமூன்றில் அதுவும் வரத்தான் வந்தது. பட்டணத்தில் ஓவியக் கண்காட்சி நடத்துகிற வீரராகவன், ஒரு மேனேஜரிடம் இரவல் வாங்கிய படம் பழசில்லை, ஆனால் வரைந்த கை பெரிய கை என்று கண்டுபிடித்து, கஜபதி கடைப் பையனிடம் தெருவை மட்டும் விசாரித்துக்கொண்டு, வேம்புலி குடியிருந்த திருமழிசைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்தா இவன் ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணாயில் வரிசையில் போய் நிற்க வேண்டும்! வீட்டில் மனைவி சொர்ணம்தான் இருந்தாள்.

"இதை வரைஞ்சது யாரும்மா? படத்துக்குக் கீழே பேர் போடணும். சாயந்தரம் அச்சுக்குப் போகுது."

"எங்க ஊட்டுக்காரரு தான் சார்."

"சரி, அவர் பேர்?"

சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டினவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளைப் பெற்றவள் சொல்லி வளர்த்திருந்தாள். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம் என்றால் தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். "குந்துங்க சார், அவரே வந்துடுவாரு" என்று மோர் கொடுத்தாள். மோர் தீர்ந்தது, வரிசை தீரவில்லை. வீரராகவன் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போய்விட்டார்.

கண்காட்சிக்கு இருவரும் போனார்கள். படத்தின் கீழே, 'வரைந்தவர் பெயர் தெரியவில்லை.' வேம்புலி வாசல்காரனிடம் "நான்தான்பா வரைஞ்சேன்" என்றான். வாசல்காரன் இவன் வேட்டியை ஒரு பார்வை பார்த்து, "தள்ளிக்கோ, தள்ளிக்கோ" என்றான்.

திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டான். "ஒரு வாட்டி வாயைத் தொறந்திருக்கக் கூடாதா?"

"நீ பொயச்சிக் கெடக்கணும்னுதான்யா சொல்லல" என்று அழுதாள் சொர்ணம்.

கோபப்படக்கூட அவனிடம் தெம்பில்லை. மறுநாளே அடுத்த படத்தை ஆரம்பித்தான். அதை முடித்துக் காயவைத்துவிட்டு, மத்தியானம் அசந்து தூங்கினான்.

எழுந்து பார்த்தால், நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே நடுக்கடலில் கோணல் கோணலாக எழுத்து! சொர்ணத்துக்கு எழுதத் தெரியாது, கோலம் தெரியும். ரேஷன் கடைக்காரர் விரல் வைத்துப் படிக்கிற வரியைக் கார்டில் பார்த்துப் பார்த்து, சுழி தப்பாமல் இழுத்திருந்தாள். அதில் பேர் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வரி முழுசையும் போட்டுவிட்டாள்.

'குடும்பத் தலைவர் பெயர்: வேம்புலி.'

படம் பாழ். இனி கஜபதி தொடக்கூட மாட்டார். சொர்ணம் கையில் மையோடு சுவரோரம் நின்றாள்.

"எயுதுனா ஆயுசு கொறயாதில்ல?"

வேம்புலி அந்த வரியை மறுபடி படித்தான்.

"கொறயாது புள்ள" என்று சொல்லிவிட்டு, படத்தை மாட்ட ஆணி தேடினான்.