அக்கா செய்த காதுச் சோதனை

அண்ணன் வீட்டை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை காலை. சட்டைக்கு இஸ்திரி போட்டான், டிரம் குச்சிகளைச் சமையலறை மேசைமேல் வைத்தான், "கிளம்பறேன்" என்றான். அக்கா தலை நிமிரவில்லை. முந்தைய நாள் சண்டை அவளுக்குள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. "ஆறு மணிக்கு ஒத்திகை. ஆடி அசைஞ்சு வராதே" என்று அவன் திரும்பி நடந்த பிறகு முதுகைப் பார்த்துச் சொன்னாள். முதுகு நிற்காமல் போனது.

நான் அப்போது இரண்டு நாடுகள் தள்ளி இருந்தேன். திரும்பி வர ஓராண்டு ஆகிவிட்டது. அதனால் இதில் பாதி அக்கா சொன்னது, மீதி நான் பார்த்தது.

அக்காவுக்கு இரண்டு வேலை. வார நாட்களில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் காது சோதிப்பாள். தடித்த கதவு போட்ட கண்ணாடி அறைக்குள் ஒருவர் ஹெட்ஃபோன் மாட்டி உட்காருவார். அக்கா வெளியிலிருந்து சுற்றுச் சுற்றாக, வரவரச் சன்னமாகும் 'பீப்' ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் அவர் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வார இறுதியில் அண்ணனுடைய இசைக்குழுவுக்கு ஒலிப்பலகை பார்ப்பாள். குழுவில் மூன்றே பேர்: அண்ணன், ஒரு பாடகி, மின்கருவிகளை இயக்கும் 'வயர்'. கழுத்திலும் தோளிலும் எப்போதும் கேபிளைச் சுற்றிக்கொண்டே திரிவதால் அவனுக்கு அந்தப் பெயர். லிஃப்ட் முனகுவதையும் தண்ணீர்க்குழாய் விக்குவதையும் பதிவு செய்து, அதன்மேல் டிரம்ஸ் வாசிப்பார்கள். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று அம்மா ஒரு நிகழ்ச்சி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

அண்ணன் தாளம் தவற ஆரம்பித்ததுதான் சண்டைக்குக் காரணம். தன் முக்காலிக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று வேண்டும் என்று வேறு அடம்பிடித்தான். "உட்கார்ற இடத்துல காதாடா உனக்கு?" என்று அக்கா கேலி செய்தாள். பிறகு சந்தேகம் வந்து, புதன்கிழமை அவனைத் தன் கண்ணாடி அறையில் உட்கார வைத்தாள். தாளில் வந்த கோடு நேராக, மேலாக ஓடியது.

"குழந்தைக் காது மாதிரி இருக்கு. அப்ப இது காது இல்லடா, திமிரு."

அவன் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரிக்கா" என்றான். மறுநாள் போய்விட்டான்.

அக்கா நாள்தோறும் அவனுக்கு ஃபோன் செய்தாள். மூன்று முறை எடுத்தான், பேசவில்லை. ஒருமுறை திட்டினாள், ஒருமுறை கெஞ்சினாள், ஒருமுறை நான்கு நிமிடம் அழுதாள். எதிர்முனையில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு துண்டித்தான். "கல்நெஞ்சுக்காரன்" என்று சொல்லிக்கொண்டே 'ஃபோனை எடு' என்று செய்தி அனுப்புவாள். அவள் அனுப்பிய செய்திகளில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

குழு வேறு ஆளைத் தேடவில்லை. ஒத்திகைகளில் பதிவான அவன் வாசிப்பையே மேடையில் ஓட விட்டார்கள். காலி முக்காலிமேல் ஒரு விளக்கு. அடிக்க ஆளில்லாமலே அந்த ஒலிக்குத் தகட்டு ஜால்ராக்கள் தாமாக நடுங்கும். கூட்டத்துக்குப் புல்லரித்தது. அந்த நடுக்கத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். பெரிய இசை விழாவிலிருந்து அழைப்பும் வந்தது.

விழாவுக்கு நானும் போனேன். மாலை நான்கு மணி, நல்ல வெயில், புல்வெளி நிறைய ஆட்கள். கடைசிப் பாட்டின் நடுவில் எல்லாம் நின்றுபோகும். பாடகி குரல் கொடுத்ததும் டிரம்ஸ் தொடங்க வேண்டும். அவள் குரல் கொடுத்தாள். டிரம்ஸ் தொடங்கவில்லை. முக்காலிமேல் விளக்கு மட்டும் எரிந்தது. வயரின் கருவி அடித்தொண்டையில் உறுமி, மேடையின் மரப்பலகை அதிர்ந்த பிறகுதான் அண்ணனின் வாசிப்பு வந்து சேர்ந்தது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. அக்காவின் கை ஒலிப்பலகைமேல் அப்படியே நின்றுவிட்டது.

"பதிவை மாத்திப் போட்டுட்டேன்" என்றாள் பிறகு, பாடகியைக் காட்டி. "இது நான் வெட்டித் திருத்தாதது. அன்னிக்கு ஒத்திகையில இவ சுவரைப் பார்த்துப் பாடினா."

"பரவால்லக்கா, இதுதான் டாப்பு" என்றான் வயர்.

"அவன் இவளைக் கேட்டு வாசிக்கல. இவ வாயைப் பார்த்து வாசிச்சிருக்கான். வாய் தெரியலைன்னா காலுக்கடியில தரை அதிரணும். இதைத்தான் நான் எத்தனை தடவை வெட்டி நேராக்கியிருக்கேன், சோம்பேறின்னு திட்டிக்கிட்டே."

திங்கட்கிழமை என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி அறையில் உட்கார வைத்தாள். ஹெட்ஃபோன் கேபிளைப் பிடுங்கிவிட்டாள்.

"எதுவும் கேக்காது. என் தோளைப் பாரு. மனசுக்குள்ள நாலு எண்ணி அமுக்கு. ஒவ்வொரு சுற்றுலயும் அஞ்சாவதுக்கு அப்புறம் விட்டுடு, அதுக்கு மேல யாருக்குமே கேக்காது."

கதவு மூடியது. என் ரத்தம் ஓடும் ஓசையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவள் தோள் இறங்கியது, நான்கு எண்ணும் நேரம், மறுபடி இறங்கியது. பதினைந்து வருடமாக அவள் ஒரே சீராகத்தான் பீப் அனுப்பியிருக்கிறாள். மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. டிரம்மருக்கு அது போதும்.

தாள் வந்தது. அதில் என் காது பிரமாதம். அண்ணனின் பழைய தாளைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கோடுகளும் ஒன்றுபோல இருந்தன.

"சொல்லியிருக்கலாமே அவன்" என்றேன்.

"டிரம்ஸ் போயிடும்னு பயந்து மறைச்சிருப்பான். நானும் திமிருன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அன்றே அவனுக்கு எழுதினாள்: 'உனக்குக் கேக்கலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. டெஸ்ட் தப்பு. நான் சொன்னதும் தப்பு.' பதில் இல்லை. அன்றிலிருந்து சோதனைக்கு வருபவர்களுக்குத் தாறுமாறான இடைவெளியில் பீப் அனுப்புகிறாள். சிலர் குழம்பிப்போய் அவளை எட்டிப் பார்ப்பார்கள். காலி முக்காலி நிகழ்ச்சிகளுக்கு இப்போது அவள் போவதில்லை.

ஏழு மாதம் கழித்து, மதிய இடைவேளையில் அவள் ஃபோன் ஒளிர்ந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

'நீ ஃபோன் பண்ணப்ப மூணு தடவை எடுத்தேன். திரையில நிமிஷம் ஓடிட்டே இருந்துது, அதை வச்சுத்தான் நீ பேசறேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். என்ன சொன்னேக்கா? எழுது.'